பந்தலூருக்கு வாக்குக் கேட்டு வரப்போகும் வேட்பாளர்களுக்கு

கூடலூர் (தனி) தொகுதியில் நிற்கப்போகும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும், அவர்களுக்குத் தேர்தல் அறிக்கை எழுதிக் கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

பந்தலூர் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது பெயருக்குத்தான். மனு எழுதுவதும் ஆன்லைனில் விண்ணப்பம் போடுவதும்தான் பிழைப்பு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, மின் இணைப்பு, வீடு கட்டும் திட்டம் என்று அரசாங்கத்திடம் எதைக் கேட்பதானாலும் இந்த வட்டாரத்தில் பலர் என் கடை மாதிரி ஒரு கடையில் உட்கார்ந்து எழுந்துதான் போகிறார்கள். ஆகவே சென்னையில் அறிவிக்கப்படும் திட்டங்கள் மலையேறி வந்து எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர் இருந்தோம். 2011இல் 7,35,394 பேர். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். பண்டிகைக்கு வந்து திரும்புகிறார்கள். ஆனால் மேலே ஏறும் வண்டிகளோ நீதிமன்றமே தலையிட்டு எண்ண வேண்டிய அளவுக்குப் பெருகிவிட்டன. இந்த இரண்டில் எதைப் பார்த்து நீலகிரிக்கான திட்டம் எழுதப்படுகிறது? இதுவரை வந்த வாக்குறுதிகளை எடுத்துப் பாருங்கள். வாகன நிறுத்தம், ரோப் கார், பூங்கா, படகு இல்லம். இரண்டு நாள் தங்கிப் போகிறவருக்கு என்ன தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆடி மாதத்து மழையிலும் இங்கேயே கிடப்பவருக்கு என்ன தேவை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது, அல்லது பதிலே வருவதில்லை.

என் பதிலைச் சொல்கிறேன். குடியிருக்கும் இடத்துக்கு ஒரு தாள் வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சமவெளியிலிருந்து வரும் வேட்பாளராக இருந்தால் இந்தத் தாள் விவகாரம் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். கூடலூர், பந்தலூர் நிலங்கள் முன்பு நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம் சொத்து, அதாவது பரம்பரைச் சொத்து. ஜென்மிகள் எனப்பட்ட அந்த நில உரிமையாளர்களிடம் குத்தகைக்கு வாங்கித்தான் கம்பெனிகள் தேயிலையும் காப்பியும் போட்டன. இந்த ஜென்ம முறையை ஒழிக்க 1969இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1974இல். சுமார் 80,000 ஏக்கர். சொந்தமாகப் பயிர் செய்தவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா (அவரவர் பெயரிலேயே நில உரிமை), காடு அரசுக்கு என்று பிரித்தார்கள். குத்தகையில் இருந்த தோட்ட நிலங்களை என்ன செய்வது என்பதற்கு எழுதப்பட்டதுதான் 17ஆம் பிரிவு. முடிவு தெரியாமல் அதில் சிக்கிய நிலத்தைத்தான் இங்கே குழந்தைகூட 'செக்சன் பதினேழு' என்று சொல்லும்.

சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்தும் இரண்டு பெரிய வழக்குகள் இந்த மண்ணில் பிறந்தவை. இந்த ஜென்ம ஒழிப்புச் சட்டத்தை நீதிமன்றக் கேள்வியிலிருந்து சட்டங்களைக் காக்கும் அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்ததை எதிர்த்துத்தான் கோயலோ வழக்கு போனது. 2007இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். கூடலூரில் மரம் வெட்டுவதைத் தடுக்கக் கோரி நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில்தான், எது காடு என்பதற்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் விளக்கத்தை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. இந்தியாவின் காட்டுச் சட்டமே எங்கள் ஊரிலிருந்து கிளம்பிப்போனது என்று சொல்லலாம். பெருமைதான். ஆனால் அந்த நிலத்தில் இரண்டு தலைமுறையாகக் குடியிருப்பவர் வீட்டுக்கு மின்சார மீட்டர் வரவில்லை.

ஒரு தாள் இல்லாததால் என்னென்ன நின்றுபோகிறது என்று என் மேஜையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். மின் இணைப்புக்கு மனு போட்டால் நில ஆவணத்தை இணைக்கச் சொல்லித் திரும்பி வரும். கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் கிடைக்கும், சொந்த மனை இருந்தால். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் உண்டு, நிலம் பெயரில் இருந்தால். தேயிலைச் செடியைப் பிடுங்கிப் புதிதாக நடுவதற்கு மானியம், வங்கிக் கடன், கழிப்பறை என்று எதற்குப் போனாலும் முதல் பக்கத்திலேயே சர்வே எண் கேட்கிறது. வீட்டுக்குச் சிமென்ட் மூட்டை ஏற்றிப் போனால் வழியில் தடுக்கிறார்கள். கூரை ஒழுகினால் ஷீட் மாற்ற வேண்டும். அதற்கும் யாரிடமாவது கேட்க வேண்டும். பல மனுக்களில் மனுதாரர் பெயரை மட்டும் மாற்றினால் போதும், மற்ற வரிகள் அப்படியே இருக்கும். என் கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு மாதிரி வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் 'அல்லது குடியிருப்பவர்' கேட்டால் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பைக்காரா தண்ணீரில் சிங்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1932இல். அதன்பின் குந்தா வந்தது, எமரால்டு வந்தது, அவலாஞ்சி வந்தது. தமிழ்நாட்டின் நீர்மின்சாரத்தில் ஒரு பெரிய பங்கு நீலகிரி மழை. உயரழுத்தக் கம்பி மலைக்கு மேலே போகிறது, கீழே மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளை படிக்கிறது. இப்போது மண்ணெண்ணெயும் சரியாகக் கிடைப்பதில்லை.

இதை வெறும் வசதிக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் இருட்டு என்றால் யானை. பலா பழுக்கும் காலத்தில் அது வீட்டு முற்றம் வரைக்கும் வரும். விடியற்காலையில் கழிப்பறை இல்லாததால் வெளியே போனவர், வேலைக்குப் போகும் வழியில் திருப்பத்தில் மாட்டிக்கொண்டவர் என்று இறந்தவர்களின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். ஓவேலியில் பலரைக் கொன்ற யானை ஒன்றை 2025 செப்டம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கத்து எஸ்டேட்டில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அப்போதெல்லாம் சாலை மறியல் நடக்கும், நிவாரணத் தொகை வரும், கூண்டு வரும். வீட்டுக்குள் ஒரு கழிப்பறை, வாசலில் ஒரு விளக்கு என்று கேட்டால் மட்டும் நிலம் யாருடையது என்ற கேள்வி வரும். யானையை விரட்டும் படைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இந்த விளக்குக்கும் கழிப்பறைக்கும் செலவழித்துப் பாருங்கள் என்கிறேன். வனத்துறையில் கீழ்நிலையில் வேலை பார்ப்பவர்களே இதைத் தனிப்பட்ட முறையில் ஒத்துக்கொள்வார்கள். இரவெல்லாம் ஜீப்பில் சுற்றுகிறவர்கள் அவர்கள்தானே.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, 'நாங்கள் ஆட்சிக்கு வந்தால் செக்சன் பதினேழு நிலம் முழுவதற்கும் பட்டா' என்று முழங்குவார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். என் அக்கம்பக்கத்தாருக்கு நான் இப்படிச் சொல்வது பிடிக்காது, தெரியும். ஆனால் நிலம் முழுவதற்கும் பட்டா என்றால் ஐந்து சென்ட்டில் குடியிருப்பவரும் ஐந்நூறு ஏக்கர் குத்தகைக் கம்பெனியும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பட்டா கையில் வந்த மறுமாதமே ரிசார்ட் புரோக்கர் வாசலில் நிற்பான். பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்படும் அப்பன் என்ன செய்வான்? விற்பான். நாளைக்கு இங்கே மிஞ்சுவது வேலியும் வாட்ச்மேனும்தான். அந்தக் காட்டு வழக்கைக் கையில் வைத்திருக்கும் உச்ச நீதிமன்றமும் அப்படிப்பட்ட யோசனையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அது தெரிந்துதான் ஒவ்வொரு தேர்தலிலும் அந்த வாக்குறுதி துணிச்சலாகக் கொடுக்கப்படுகிறதோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

நடக்கக்கூடியது வேறு. ஊர் ஊராகப் போய் யார் எந்த இடத்தில் குடியிருக்கிறார், எத்தனை சென்ட், எந்த வருடத்திலிருந்து, ரேஷன் கார்டு என்ன சொல்கிறது, வாக்காளர் பட்டியல் என்ன சொல்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். வருவாய்த்துறையும் வனத்துறையும் சேர்ந்து நின்று எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாது, அதை வைத்து இன்னும் இருபது வருடம் ஓட்டிவிடுவார்கள். அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். பெரிய குத்தகையாளர்களைத் தனியே பிரித்துவிட்டு, குடியிருப்பவர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மட்டும் அரசே உச்ச நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். கொடுக்கும் உரிமை பிள்ளைகளுக்குப் போகட்டும், விலைக்குப் போக வேண்டாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினருக்குக் கொடுக்கும் உரிமை அப்படித்தானே இருக்கிறது? வாரிசுக்கு உண்டு, விற்பனைக்கு இல்லை. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதோடு, பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஊர்களில் அந்த வன உரிமையே இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இந்த ஜென்மிகளுக்கும் முன்னால் இங்கே இருந்தவர்கள். பட்டியலின் முதல் பக்கம் அவர்களுடையது.

அடுத்தது டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம். இது என் வீட்டுக் கதையும்கூட. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்த எண்ணிக்கையில் என் தாத்தாவும் பாட்டியும் அப்பாவும் அடக்கம். பதுளைப் பக்கத்து லயத்திலிருந்து ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1976இல் அதுவே தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பாண்டியார் என்று காட்டைத் திருத்தித் தேயிலை போட்டவர்கள் எங்கள் ஆட்கள். கழகம் நஷ்டத்தில் போனதும் 2022இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேலான நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. காடு காடாகத் திரும்புவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு தீவிலிருந்து அரசாங்கக் கணக்கில் ஏற்றி இறக்கப்பட்டவர்கள், ஓய்வு பெற்றதும் லைன் வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்பதுதான் கேள்வி. வேலை முடிந்தால் வீடு முடிந்தது என்பது வெள்ளைக்காரன் எஸ்டேட் சட்டம். அரசாங்கமே நடத்தும் தோட்டத்தில் அந்தச் சட்டம் எதற்கு? லைன் வீடு இருக்கும் இடத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் கழக நிலத்திலிருந்து பிரித்துக் குடியிருப்பவர் பெயரில் எழுதுங்கள். எங்கெங்கே அது மண்சரியும் சரிவில் இருக்கிறதோ அங்கே மாற்று இடத்தைக் காட்டிவிட்டுப் பிறகு காலி செய்யச் சொல்லுங்கள்.

இப்போது அந்த லைன் வீடுகள் பலவற்றில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள். தனியார் எஸ்டேட்டுகளில் இன்னும் அதிகம். கொழுந்து எடுக்க எங்கள் பிள்ளைகள் வராததால் அவர்கள் வருகிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் அங்கன்வாடிக்கு வந்தால் டீச்சருக்கு மொழி புரிவதில்லை, சிலர் வருவதே இல்லை. உங்கள் யாருடைய அறிக்கையிலும் அந்தக் குழந்தைகள் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களின் பெற்றோருக்கு இங்கே ஓட்டு இல்லை. என் பாட்டி பதுளையில் பிறந்தபோது அவளுக்கும் யாரும் அறிக்கை எழுதவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நல்ல காரியம், நன்றி. அதற்கு முன் எதற்கெடுத்தாலும் கோயம்புத்தூர்தான். ஆனால் பந்தலூரிலிருந்து ஊட்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல். நடுவட்டம் வழியாக ஏற வேண்டும், மழைக்காலத்தில் மரம் விழாத நாள் பார்த்து. அதனால் எங்கள் ஆட்கள் இரவில் நெஞ்சுவலி வந்தாலோ பிரசவம் சிக்கலானாலோ தாளூர் வழியாகக் கேரளத்துச் சுல்தான் பத்தேரிக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே போனால் நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சாதாரணமாக எடுபடுவதில்லை, காசு கட்ட வேண்டும். மைசூருக்குப் போகலாம் என்றால் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மூன்று மாநிலம் சந்திக்கும் இடம் என்று பாடப்புத்தகத்தில் எழுதுவார்கள். அவசரத்துக்கு மூன்றுமே கைவிடும் இடம் இது. புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. கூடலூர் மருத்துவமனையில் எந்நேரமும் ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு மயக்க மருந்து மருத்துவர், ரத்தம் சேமிக்கும் வசதி. பந்தலூரில் பாம்புக்கடிக்கு மருந்தும் இரவு டாக்டரும். அவசரத்துக்கு வயநாட்டு மருத்துவமனைகளில் நம் காப்பீட்டு அட்டை செல்லும்படி கேரள அரசோடு ஓர் ஒப்பந்தம். முதல் இரண்டும் ஆள் நியமனம், மருந்து. மூன்றாவது ஒரு கையெழுத்து.

மழை. பக்கத்துத் தேவாலாவில் பெய்யும் மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை மண்சரிவில் போனது. எங்களுக்கு அது பக்கத்து மலை, அந்த எஸ்டேட் லைன் வீடுகளில் எங்களுக்கு உறவுக்காரர்கள் உண்டு. அங்கே புது ஊர் கட்ட இடம் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மாவட்ட நிர்வாகம் அபாயமான இடங்கள் இவை என்று அறிவித்து, பள்ளிக்கூடத்திலும் சமுதாயக்கூடத்திலும் தங்கச் சொல்லும். நாலு நாள் தங்கிவிட்டு அதே சரிவுக்குத்தான் திரும்புகிறோம். சரிவில் இருப்பவரை நிரந்தரமாக நகர்த்த ஏன் முடியவில்லை? நகர்த்தினால் அங்கே வீடு இருந்ததற்கு அவரிடம் தாள் இல்லை. மறுபடியும் அந்த இடத்துக்கே வந்துவிட்டோம், பார்த்தீர்களா.

தேயிலை விலையைப் பற்றி எல்லாக் கட்சியும் பேசும், அதனால் சுருக்கமாக. பச்சைத் தேயிலைக்கு மாதாமாதம் விலை சொல்கிறார்கள். அது குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனதோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்ட விலை. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். உரமும் பறிகூலியும் ஏறுவதை அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. 2023 செப்டம்பரில் கோத்தகிரி நட்டக்கல்லில் சிறு விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான். குறைந்தபட்ச விலை என்று வாக்குறுதி கொடுத்தால், விலை அதற்குக் கீழே போகும் மாதத்தில் வித்தியாசத்தை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மத்திய அரசின் தேயிலை வாரியம் என்று ஒருவரும், மாநில அரசு என்று இன்னொருவரும் கைகாட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

சுற்றுலாவை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். 2024 மே மாதம் மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன்பதிவுச் சீட்டு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு போட்டது. உடனே கடையடைப்பு, ஆர்ப்பாட்டம். ஓட்டலும் டாக்சியும் நம்பிப் பிழைக்கிறவர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் வரம்பு இருக்கட்டும் என்பேன். இதை நீதிமன்றம் சொல்லும் வரைக்கும் நீங்கள் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. வண்டி குறைந்தால் பஸ் கூட வேண்டும், அதையும் யாரும் சொல்லவில்லை. சீசனில் எங்கள் வழித்தடப் பஸ்ஸை எடுத்து ஊட்டிக்கு ஸ்பெஷல் விடுவது முதலில் நிற்கட்டும். (பாஸ் எடுக்காமல் வந்து தவிக்கும் கேரளக்காரர்களுக்கு என் கடையில் எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கு வருமானம்தான், மறைக்கவில்லை.)

சாலை, தண்ணீர், குப்பை, கல்லூரி என்று இன்னும் நிறைய விட்டுப்போனதாக நினைப்பீர்கள். தெரிந்துதான் விட்டேன். எல்லாவற்றையும் எழுதினால் எல்லாவற்றையும் செய்வதாகச் சொல்லிவிடுவீர்கள்.

பிரச்சாரத்துக்கு வரும்போது சால்வை, ஆரத்தி, பட்டாசு எல்லாம் இருக்கட்டும். வண்டியிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். ஊர்வாரியான அந்தப் பட்டியலை எந்த ஊரில் தொடங்கி, எந்த மாதத்துக்குள் முடித்துச் சுவரில் ஒட்டுவீர்கள்? தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பவருடைய தாளை என் செலவில் நகல் எடுத்து, எந்தக் கட்சியாக இருந்தாலும், பஜாரில் வருகிறவர் எல்லாருக்கும் கொடுக்கிறேன். கடை ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை திறந்திருக்கும். கரண்ட் இருந்தால்.

இப்படிக்கு,
பந்தலூர் வாக்காளர் ஒருத்தி